எல்லாம் ஒரே போனுக்குள் வந்த பிறகு கேபிள்காரர் எதற்கு?

வாசகர் கேள்வி: 2 மார்ச் 2025

டிவி, சினிமா, கடிதம், செய்தித்தாள், பேச்சு எல்லாமே ஒரே போனுக்குள் வந்தாகிவிட்டது. துபாயில் பார்ப்பதை அதே நிமிடம் பேராவூரணியிலும் பார்க்கிறோம். நடுவில் இருந்த எஸ்டிடி பூத், கேசட் கடை, கேபிள்காரர் எல்லோரும் போனதில் யாருக்கு என்ன நஷ்டம்? காலம் மாறினால் தொழிலும் மாறத்தானே வேண்டும்?

2 மார்ச், இரவு

நான் பட்டுக்கோட்டைப் பக்கம் கேபிள் தொழிலில் இருப்பவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைத்துனருக்கு ஏணி பிடிக்கப் போனேன், இன்றும் அதே வேலைதான். அதனால் நீளமாகவே பதில் சொல்லப் போகிறேன்.

எஸ்டிடி பூத்தும் கேசட் கடையும் மூடப்பட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கேபிள்காரரையும் அதே வரிசையில் சேர்க்க முடியாது. உலகத்துக்கும் உங்கள் வீட்டு டிவிக்கும் நடுவில், நீங்கள் சண்டை போடக்கூடிய ஒரே ஆள் அவர்தான். படம் வரவில்லை என்றால் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். இப்போது யார் கதவைத் தட்டுவீர்கள்? மற்றதெல்லாம் பிறகு எழுதுகிறேன்.

3 மார்ச், காலை

உலகமயம் என்றதும் பலரும் இன்டர்நெட்டிலிருந்து தொடங்குகிறார்கள். எங்கள் மொட்டை மாடிக்கு அது அதற்கு முன்பே வந்துவிட்டது.

அமெரிக்காவில் செய்த வெஸ்டார் 6 என்ற செயற்கைக்கோளை 1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்கலம் மேலே கொண்டுபோய் விட்டது. அது போக வேண்டிய உயரத்துக்குப் போகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் டிஸ்கவரி விண்கலத்தில் போனவர்கள் அதைக் கையால் பிடித்துத் தரைக்குக் கொண்டுவந்தார்கள். பழுது பார்த்த பிறகு அதை ஹாங்காங் நிறுவனம் ஒன்று வாங்கியது. 1990 ஏப்ரலில் சீனாவின் ஷிசாங் ஏவுதளத்திலிருந்து சீன ராக்கெட்டிலேயே ஏவினார்கள். பெயர் ஏசியாசாட் 1 என்று மாறியது. 1991-ல் ஸ்டார் டிவி அதில்தான் வந்தது, 1992-ல் ஜீ டிவியும் அதில்தான் வந்தது.

அமெரிக்கப் பொருள், சீன ராக்கெட், ஹாங்காங் முதலாளி, கீழே பட்டுக்கோட்டையில் கம்பி வலை போட்ட ஒரு பெரிய டிஷ். அதைத் திருப்பித் திருப்பி வைத்து முதல் படம் வந்த அன்று தெருவே எங்கள் மாடியில் நின்றது. இந்தி பேசுகிறார்களா இங்கிலீஷ் பேசுகிறார்களா என்று யாரும் கவலைப்படவில்லை. தெளிவாக வருகிறதே என்று அத்தனை சந்தோஷம்.

3 மார்ச், மாலை

ஒருவர் கேட்டிருந்தார்: "கேபிள்காரர் என்ன பெரிதாகச் செய்தார்? மேலிருந்து வந்ததை வீட்டுக்கு அனுப்பினார், அவ்வளவுதானே?"

இல்லை. அன்றைய டிவிப் பெட்டிகளில் பெரும்பாலும் எட்டு அல்லது பன்னிரண்டு சேனல்தான் வைக்க முடியும். டிஷ்ஷில் வருவது அதைவிட அதிகம். எதை விடுவது, எதைப் போடுவது என்பதை நாங்கள்தான் முடிவு செய்தோம். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தபோது எங்கள் லைனில் அதற்கு ஒரு இடம் காலி செய்ய வேண்டியிருந்தது. எந்தச் சேனலை எடுப்பது என்று தெருத்தெருவாகக் கேட்டோம். எம்டிவியை எடுக்கக் கூடாது என்று காலேஜ் பையன்கள் வந்து நின்றார்கள். கிரிக்கெட்டை எடுத்தால் பணம் தரமாட்டோம் என்று கடைத்தெருவில் சொன்னார்கள்.

ஒவ்வொரு சேனலுக்கும் டிஷ்ஷிலிருந்து அதைப் பிரித்தெடுக்க ஒரு ரிசீவர், அதைக் கேபிளில் ஏற்ற ஒரு மாடுலேட்டர். சிக்னல் தூரம் போகப் போகப் பலம் குறையும், அதனால் வழியில் பூஸ்டர் வைக்க வேண்டும். பூஸ்டருக்கு கரண்ட் வேண்டும். வழியில் இருக்கும் ஒரு வீட்டில் கேட்டு வாங்குவோம், அந்த வீட்டுக்கு கனெக்‌ஷன் இலவசம். அந்த அம்மா ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டால் பின்னால் இருக்கிற நாலு தெருவுக்கும் படம் போய்விடும். அதனால் அவர் ஊருக்குக் கிளம்புவது எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் தனியார் சேனலுக்கு இந்தியாவிலிருந்து அப்லிங்க் செய்ய, அதாவது நிகழ்ச்சியைச் செயற்கைக்கோளுக்கு அனுப்ப, அனுமதி இல்லை. நிகழ்ச்சி பதிந்த நாடா விமானத்தில் வெளிநாடு போய், அங்கிருந்து வானத்துக்குப் போய், பிறகு நம் டிஷ்ஷுக்கு வந்தது. சென்னையில் எடுத்த நிகழ்ச்சி இந்தியாவுக்கு வெளியே போய்த்தான் பட்டுக்கோட்டைக்கு வந்தது.

5 மார்ச்

இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். இழந்ததை மட்டும் எழுதினால் நியாயம் ஆகாது. எங்கள் பக்கத்தில் அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று எடுத்துக்கொண்டால், வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். அவர்கள் குடும்பத்துக்கு இந்தப் போன் கொடுத்தது சாதாரண விஷயம் இல்லை.

ஐஎஸ்டி கட்டணம் அன்று நிமிடத்துக்குப் பல பத்து ரூபாய். பூத்துக்குள் சிவப்பு எண் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். "நல்லா இருக்கியா, பணம் வந்துச்சு, வச்சிடுறேன்" என்பதோடு முடியும். முழுசாகப் பேச வேண்டியதை டேப் ரிக்கார்டரில் பதிந்து, ஊர் போகிற ஆளிடம் கேசட்டாகக் கொடுத்தனுப்புவார்கள். என் அத்தை மகன் ரியாத்தில் இருந்தபோது அத்தை பதிந்த கேசட் ஒன்றை நான் கேட்டிருக்கிறேன். இரண்டு பக்கமும் நிறைய ஊர்க்கதை, நடுவில் கோழி கத்துகிறது, யாரோ வந்து தேங்காய் பறிக்கிற கூலி கேட்கிறார்கள், அதையும் நிறுத்தாமல் பதிந்திருக்கிறார். அதற்குப் பதில் கேசட் வந்துசேர மாதக்கணக்கில் ஆகும்.

இன்று அதே அத்தை பேரனை வீடியோவில் தினமும் பார்க்கிறார். இதை யாராவது நஷ்டம் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

5 மார்ச், பின்னிரவு

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒன்றாகிவிட்டது என்று இங்கே நாம் பேசுகிறோம். அமீரகத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், கால் பேச முடியாது. அங்குள்ள தொலைபேசி நிறுவனங்களின் பேக்கேஜ் வாங்கி, அனுமதி பெற்ற போட்டிம் மாதிரியான செயலியில் பேச வேண்டும். சவூதி இன்டர்நெட் கால்களுக்கு இருந்த பொதுவான தடையை 2017 செப்டம்பரில் எடுத்தது.

ஒரே கருவி, ஒரே செயலி, ஒரே குடும்பம். ஆனால் எந்த நாட்டு எல்லைக்குள் நிற்கிறோமோ அதைப் பொறுத்து குரல் போகும் அல்லது போகாது. தொழில்நுட்பம் கதவைத் திறந்துவிட்டாலும், கட்டணம் வசூலிப்பவர் கதவை மூடலாம். "இனி எல்லையே இல்லை" என்பதை நான் நம்பாததற்கு முதல் காரணம் இது.

8 மார்ச்

கஜா புயலைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். எழுத வேண்டும் என்று நானும் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

2018 நவம்பர் 16, விடியலுக்கு முன். காலையில் வெளியே வந்தால் தெருவே தெரியவில்லை, தென்னை மரம்தான் தெரிந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் முழுக்கத் தென்னை சாய்ந்துவிட்டது. மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டியிருந்த எங்கள் கேபிளும் அதோடு போனது. மின்கம்பங்கள் ஒடிந்து வயலில் கிடந்தன. டவருக்கு டீசல் இல்லாமல் செல்போனும் போய்விட்டது. டிவி இல்லை, போன் இல்லை, எதுவும் இல்லை.

அன்று இரவு நடந்ததை நான் மறக்கவே முடியாது. எங்களிடம் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. அதைப் போட்டு, பலகையில் வரிசையாகப் பிளக் பாயிண்ட் அடித்து, செல்போன் சார்ஜ் ஏற்றக் கொடுத்தோம். அடுத்த சில நாளில் ஒரு இடத்தில் கொஞ்சம் சிக்னல் வந்தது. வந்தவுடன் எல்லோருடைய போனிலும் கத்தாரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் செய்தி குவிந்தது. மேலேயிருந்து எடுத்த வீடியோவை அவர்கள் எங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். நம் ஊரில் எவ்வளவு விழுந்திருக்கிறது என்பதை நாங்கள் முதல்முறையாக முழுசாகப் பார்த்தது, கடல் தாண்டி இருந்தவர்கள் அனுப்பிய படத்தில்தான். பக்கத்துக் கிராமத்தில் என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உலகத்துக்கு எங்கள் ஊர் தெரிந்தது நல்லதுதான். அரிசியும் தார்ப்பாயும் வந்ததற்கு அந்தப் படங்களும் காரணம். ஆனால் எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் லாரி வரும் என்று சொல்வதற்கு எதுவும் இல்லாமல் இருந்தது. அதைச் செய்தவர்கள் பைக்கில் மைக் கட்டிக்கொண்டு போன பையன்கள்.

9 மார்ச்

கஜாவின் தொடர்ச்சி. எங்கள் தொழிலைத் தலைகீழாக மாற்றியதும் அந்தப் புயல்தான். பழைய கோஆக்சியல் கேபிளை மறுபடி இழுத்தால் பூஸ்டர் வேண்டும், பூஸ்டருக்கு வழியெல்லாம் கரண்ட் வேண்டும். கரண்ட் வரப் பல வாரம் ஆன இடங்கள் உண்டு. அதனால் கடன் வாங்கி பைபர் இழுத்தோம். பைபருக்கு வழியில் கரண்ட் தேவையில்லை.

பைபர் ஜாயின்ட் அடிப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலுறையை உரித்து, தலைமுடி அளவுள்ள கண்ணாடி இழையை ஸ்பிரிட்டால் துடைத்து, நேராக வெட்டி, ஸ்பிளைசிங் மெஷினில் இரண்டு முனையையும் எதிரெதிரே வைக்க வேண்டும். மெஷினே இரண்டையும் நேர்ப்படுத்தி மின்பொறியில் உருக்கி ஒட்டும். திரையில் 0.02 என்று இழப்பு காட்டினால் நிம்மதி. கை வியர்த்தாலோ தூசி பட்டாலோ மறுபடி உரிக்க வேண்டும். ஏணி மேல் உட்கார்ந்து, மழைத்தூறலில் மடியில் குடை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்திருக்கிறேன்.

அந்த ஒற்றை இழைக்குள் மூன்று ஒளி ஓடுகிறது. இன்டர்நெட் வீட்டுக்கு இறங்குவது 1490 நானோமீட்டரில், வீட்டிலிருந்து ஏறுவது 1310-ல், டிவி 1550-ல். ஊடகமும் தகவல்தொடர்பும் ஒன்று கலந்தது என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது கண்ணுக்கு முன் நடக்கும் இடம் இதுதான். அதை வீட்டுச் சுவர் வரை கொண்டுவருபவர் இன்னமும் ஏணியோடு வரும் உள்ளூர் ஆள்தான்.

11 மார்ச்

ஒருவர் எழுதியிருந்தார்: "ஜியோ வந்ததால் கேபிள் செத்தது." அது பாதி உண்மை. 2016 செப்டம்பர் 5-ல் ஜியோ வந்தது, அதற்குப் பிறகு டேட்டா விலை தரையில் விழுந்தது, சரி. ஆனால் எங்கள் கையைக் கட்டியது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறை. அப்போது நூறு சேனலுக்கு அதிகபட்சம் 130 ரூபாயும் வரியும் அடிப்படைக் கட்டணம், அதற்கு மேல் பணம் கட்டிப் பார்க்கும் சேனல்களுக்குத் தனித்தனி விலை. எங்களைப் போன்ற உள்ளூர் ஆபரேட்டர்களுக்குச் சேனல்களைத் தொகுத்து அனுப்பும் பெரிய நிறுவனம்தான் எம்எஸ்ஓ. அவரோடு வேறு உடன்பாடு இல்லை என்றால் அடிப்படைக் கட்டணத்தில் அவருக்கு 55 சதவீதம், எங்களுக்கு 45. அதாவது 58 ரூபாய் 50 காசு. அதில்தான் லைன்மேன் சம்பளம், கம்பி, பெட்ரோல் எல்லாம்.

காசைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. எங்களுடையது டெல்டா. நெல் போட்டவர் அறுவடை முடிந்துதான் பணம் தருவார். முன்பு காத்திருந்தோம், ஊரில் எல்லோரும் அப்படித்தான். இப்போது கார்டில் காசு இல்லை என்றால் மேலே இருக்கும் கணினி தானாக அணைத்துவிடும். பல வீட்டுக்கு நான் கையிலிருந்து போட்டு ஓட்டியிருக்கிறேன், இன்றும் ஓட்டுகிறேன். பத்தாம் வகுப்புப் பையன் வீட்டில் இன்டர்நெட் நின்றால் அது டிவி நிற்பது மாதிரி இல்லை.

12 மார்ச்

யாரிடம் எல்லாம் போய்ச் சேருகிறது என்பதற்கு ஒரே ஒரு உதாரணம்.

ஸ்டார் டிவியை ஹாங்காங்கில் தொடங்கியது லி கா-ஷிங் குழுமம். 1993-ல் பெரும்பங்கு ஊடக முதலாளி ரூபர்ட் முர்டாக்கிடம் போனது. 2001-ல் விஜய் டிவி ஸ்டாரிடம் வந்தது. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் டிஸ்னி ஸ்டாரை முழுசாக எடுத்தது. 2024 நவம்பரில் ஸ்டாரின் இந்தியத் தொழில், ஜியோவை நடத்தும் ரிலையன்ஸின் ஊடகத் தொழிலோடு இணைந்தது. 2025 பிப்ரவரி 14-ம் தேதி ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றாகி ஜியோஹாட்ஸ்டார் ஆகிவிட்டது.

இதில் ஐபிஎல்லைக் கவனியுங்கள். 2022 ஜூன் ஏலத்தில் இந்தியாவுக்கான டிவி உரிமையை 23,575 கோடிக்கு டிஸ்னி ஸ்டார் எடுத்தது, போன், இன்டர்நெட் உரிமையில் பெரிய பங்கை 20,500 கோடிக்கு ரிலையன்ஸ் தரப்பின் வயாகாம்18 எடுத்தது. அடுத்த ஆண்டு போனில் மேட்ச் இலவசம். "போன்ல சும்மா வருது, உங்களுக்கு எதுக்குப் பணம்?" என்று என் வாடிக்கையாளர்கள் கேட்டார்கள், நியாயமான கேள்விதான். இப்போது அந்த இரண்டு எதிரெதிர்ப் போட்டியாளரும் ஒரே வீடு. சிம் கார்டு, வீட்டு இன்டர்நெட், சேனல், செயலி, கிரிக்கெட் எல்லாம் ஒரே கூரையின் கீழ். நாளை விலை ஏறினால் வேறு எங்கே போவீர்கள்?

எனக்கு அந்த நிறுவனத்தின் மேல் கோபம் இல்லை. திறமையாகத் தொழில் செய்கிறார்கள். கம்பியும் அதில் ஓடுவதும் ஒரே ஆள் கையில் இருக்கலாமா என்பதை ஊர் மக்கள் யாரும் கேட்கவில்லை, யாரும் அவர்களைக் கேட்கவும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

15 மார்ச்

உள்ளூர்ச் சேனல் பற்றி எழுதாமல் விட்டால் இந்தப் பதில்களுக்கே அர்த்தம் இல்லை.

எங்கள் சேனலில் என்ன வரும்? நாடியம்மன் கோயில் தேர், காதணி விழா வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, காணவில்லை அறிவிப்பு, கொப்பரை விலை, கல்லணைக் கால்வாயில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது எந்த வாய்க்காலுக்கு என்றைக்கு என்ற விவரம். இந்தக் கடைசி விஷயத்தை எந்தச் செயலியும் இன்றுவரை சொல்வதில்லை. முறை மாறினால் இரவு பதினொரு மணிக்கும் ஓடும் எழுத்தை மாற்றிப் போடுவோம், விவசாயி மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்.

சேனலை இன்டர்நெட்டுக்குக் கொண்டுபோனோம். முதல் வருடம் அமோகம். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் உட்கார்ந்து தேர் பார்த்தார்கள், அழுதுகொண்டே போன் செய்தார்கள். மறுவருடம் தேர் நிலையை விட்டுக் கிளம்பும் நேரத்தில் நேரலை நின்றுபோனது. கோயில் ஒலிபெருக்கியில் ஓடிய பக்திப்பாட்டு யாருக்கோ உரிமையானது என்று அந்த வீடியோ தளத்தின் கணினி கண்டுபிடித்து அணைத்துவிட்டது. யாரிடம் பேசுவது? போன் எண் இல்லை. படிவம் ஒன்றை நிரப்பினோம், பதில் வருவதற்குள் அம்மன் நிலைக்கு வந்துவிட்டாள். கேபிளில் பார்த்த உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் தேர் முழுசாக ஓடியது.

கேபிளிலும் சட்டம் இல்லாமல் இல்லை. எம்எஸ்ஓ நடத்தும் சொந்தச் சேனல்களுக்கு 2022 நவம்பரில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. சேனலுக்கு ஆயிரம் ரூபாய் பதிவுக் கட்டணம், மொத்த சேனல் கொள்ளளவில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடாது. பதிவு செய்வதை நான் வரவேற்கிறேன். ஆனால் இன்டர்நெட் லைன் மட்டும் உள்ள வீடு நாளுக்கு நாள் கூடுகிறது, அந்த வீட்டுக்கு உள்ளூர்ச் சேனலைக் கொண்டுபோக இப்படி எளிமையான வழி வேண்டும். ஆயிரம் ரூபாய் கட்டிப் பதிந்த சேனலை அந்த ஊருக்குள் ஓடும் எந்த இன்டர்நெட் லைனும் டேட்டா கணக்கில் சேர்க்காமல் காட்ட வேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும்.

16 மார்ச்

நேற்று கேட்டதற்கு ஒருவர் நல்ல மறுப்பு எழுதியிருக்கிறார்: "2016 பிப்ரவரியில், சில தளங்களை மட்டும் டேட்டா செலவில்லாமல் காட்டும் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸைத் தடுத்தபோது, ஒரு தளத்துக்கு ஒரு விலை, இன்னொன்றுக்கு வேறு விலை கூடாது என்றுதானே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னது? நீங்கள் கேட்பதும் அதே சலுகை இல்லையா?"

இரவெல்லாம் இதை யோசித்தேன். ஃப்ரீ பேசிக்ஸில் எந்தத் தளம் இலவசம் என்பதை ஒரு வெளிநாட்டு நிறுவனம் முடிவு செய்திருக்கும். நான் கேட்பதில் ஊருக்குள் ஓடும் சிக்னல் ஊரைவிட்டு வெளியே போவதே இல்லை. கடலடி கேபிளுக்கும் செலவில்லை. என்றாலும் நாளை பெரிய நிறுவனம் ஒன்று உள்ளூர்ச் சேனல் என்ற பெயரில் இதே வழியில் புகுந்துவிடும் என்ற பயம் நியாயமானது. அதனால் ஒரு நிபந்தனை சேர்க்கிறேன்: அந்தத் தாலுகாவில் வசிப்பவர் மட்டுமே நடத்த வேண்டும், ஒருவருக்கு ஒரு சேனல்தான்.

19 மார்ச்

தனிச்செய்தியில் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: அப்பா கேபிள் ஆபரேட்டர், தான் டிப்ளமோ முடித்திருக்கிறேன், தொழிலை எடுக்கலாமா, வேறு வேலைக்குப் போகலாமா என்று. பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கேயே சொல்கிறேன்.

டிவியை மட்டும் நம்பி எடுக்காதீர்கள் தம்பி. அப்பாவின் லைனை பைபராக மாற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். ஸ்பிளைசிங் கற்றுக்கொள்ளுங்கள், சொந்த மெஷின் வாங்குங்கள், வாடகை மெஷினை நம்பினால் மழை நாளில் கிடைக்காது. இன்டர்நெட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடும்போது வாடிக்கையாளர் பட்டியல் யாருக்குச் சொந்தம் என்ற பத்தியை இரண்டு முறை படியுங்கள். நாளை அவர்கள் வேறு ஆளை வைத்துக்கொண்டாலும் நீங்கள் இழுத்த கம்பி உங்களுடையதாகவே இருக்க வேண்டும், அதை எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிக்கும் பைபர் கொண்டுபோகும் டான்ஃபினெட் வேலை நடக்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பெட்டி வந்திருக்கிறதா, அங்கிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோக யாரைச் சேர்க்கிறார்கள் என்று நேரில் போய்க் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் போன் எண்ணை எல்லா வீட்டு மோடத்திலும் ஒட்டிவிடுங்கள். சிக்னல் வரவில்லை என்று காட்டும் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாக எரிந்தால் முதலில் உங்களைக் கூப்பிட வேண்டும், கால் சென்டரை இல்லை. அப்பாவோடு ஒருநாள் பட்டுக்கோட்டைக்கு வாருங்கள், ஜாயின்ட் அடிக்க நானே சொல்லித் தருகிறேன்.